கப்பல் போட்ட யூரோ

என்னிடம் ஜேர்மன் படித்தவர்களில் ஃபர்ஸானாதான் ஆகக் கெட்டிக்காரி. நூற்றுக்குத் தொண்ணூற்றொரு புள்ளி எடுத்தாள். அதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மேல் மாடியில் வாரத்துக்கு நான்கு நாள் படிப்பிக்கிறேன். என் ஊர் உடப்பு. முன்பு கற்பிட்டிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிற ஜேர்மன்காரரோடு பேசிப் பேசியே பாஷை வந்தது, பிறகு கொழும்புக்குப் போய் முறையாகவும் படித்தேன். வகுப்புக்கு வருகிறவர்கள் அநேகமாகப் பெண்கள். புருசன் ஜேர்மனியில் இருந்தால், பெண்சாதி விசா கேட்க முதல் ஆரம்பப் பரீட்சை ஒன்றில் தேறிக் காட்ட வேண்டும். வாழ்க்கையில் பனியையே காணாதவர்களுக்கு 'எனக்குப் பனிச்சறுக்கு பிடிக்கும்' என்று படிப்பித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

ஃபர்ஸானாவின் குடும்பம் மன்னார், முசலிப் பக்கம். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்தவர்கள். அவள் பிறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து, புத்தளத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில். பள்ளிக்கூடம் போனதும் கலியாணம் முடித்ததும் இங்கேதான். முப்பத்திரண்டு வயதாகியும் ஊர்க்காரர் வாயில் அவள் இன்னும் அகதிப் பிள்ளைதான். அவளுடைய வாப்பா சீதனமாகக் கட்டிக்கொடுத்த இரண்டறை வீட்டை விற்றுத்தான், மூன்று வருடத்துக்கு முன் கணவன் அன்ஸாரை ஏஜென்ட் மூலம் ஜேர்மனிக்கு அனுப்பினாள். அன்றிலிருந்து எட்டு வயது மகள் ஆதிலாவோடு, தன் அண்ணன் பதியுதீன் காக்கா வீட்டில் ஓர் அறையில் இருந்தாள்.

பதியுதீன் காக்கா நல்ல மனுசன். ஆனால் அவருக்கும் ஒரு மகள். ஹஜ் பெருநாள் கழிந்ததும் அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டுக்குத்தானே மாப்பிள்ளை வருவார், வருகிறவருக்கு அந்த அறைதான். ஃபர்ஸானாவைப் போ என்று யாரும் சொல்லவில்லை. மதினி மட்டும் நாளுக்கொரு தடவை, படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்பா. பரீட்சை பெப்ரவரியில். அதில் தேறினால் பேப்பர்களை அனுப்புகிறேன் என்று அன்ஸார் சொல்லியிருந்தார். அதனால் அவள் பேய் மாதிரிப் படித்தாள். விடியக்காலையில் கருவாட்டு வாடியில் மீன் தரம் பிரிக்கிற வேலை. அதை முடித்து, குளித்து, அத்தரையும் மீறி லேசாகக் கருவாடு மணக்க, எல்லாருக்கும் முதல் வந்து முன்வாங்கில் இருப்பாள்.

ஜனவரியில் ஒரு நாள், கடையில் விலை கேட்பது எப்படி என்ற பாடம். புத்தகத்தில் யூரோ என்றால் ஒரு மங்கலான படம்தான். நான் என்னுடைய பிஸ்கட் டின்னைக் கொண்டுபோனேன். ஹோட்டலில் வெள்ளைக்காரர் சில நேரம் சில்லறையாகவே சந்தோசக் காசு தந்துவிட்டுப் போவார்கள். தாளை வங்கியில் மாற்றலாம், சில்லறையை எந்த வங்கியும் தொடாது. அதனால் நாங்கள் சேர்த்து வைத்து, புதிதாக வருகிறவர்களிடம் பல்லைக் காட்டித் தாளாக மாற்றிக்கொள்வோம். ஹோட்டலை மூடியபோது மாற்ற ஆளில்லாமல் என் பங்குக்கு நாற்பத்திமூன்று காசு மிஞ்சிப்போனது. அவற்றை மேசையில் கொட்டினேன்.

இருபது நாட்டுக்கு ஒரே காசு என்றேன். ஒரு பக்கம் எல்லாவற்றிலும் ஒன்று, எவ்வளவு என்று எழுதியிருக்கும். மறுபக்கத்தில் அடித்த நாடு தனக்கு விருப்பமான படத்தைப் போட்டுக்கொள்ளும். ஜேர்மனி கழுகும் வாசலும் ஓக் மர இலையும் போடும், அயர்லாந்து யாழ் வாத்தியம் போடும், ஸ்பெயின் தன் ராஜாவின் தலையைப் போடும். ஆனால் எங்கே அடித்தாலும் எல்லா இடமும் செல்லும். அயர்லாந்துக் காசைக் கொடுத்து ஜேர்மனியில் பாண் வாங்கலாம், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

"அப்ப காசுக்கு அகதிக் காட் இல்ல, டீச்சர்" என்றாள் ஃபர்ஸானா. எல்லோரும் சிரித்தோம். அவள் கை அதற்குள் காசுகளைப் புரட்டிப் படம் பார்த்து நாடு நாடாகப் பிரிக்கத் தொடங்கியிருந்தது. வாடியில் கட்டாவையும் பாரையையும் பிரிக்கிற அதே வேகம். பாடம் முடிவதற்குள் மேசையில் ஒன்பது குவியல் இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. வீட்டில் யாரிடமாவது யூரோச் சில்லறை இருந்தால் அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள் என்றேன்.

அடுத்த வகுப்புக்கு அரை மணித்தியாலம் முந்தியே வந்தாள். கைலேஞ்சித் துணியின் முடிச்சை அவிழ்த்துப் பதினொரு காசை என் முன்னால் பரப்பினாள். அன்ஸார் இரண்டு தடவை ஊருக்கு வந்த ஒருவர் வசம் சொக்லட்டும் சம்பூவும் கொடுத்து அனுப்பியிருந்தார். ஆதிலா விளையாட என்று ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் கொஞ்சம் சில்லறை வைத்திருந்தார். கொண்டுவந்தவர் எத்தாளை ஊர்க்காரர், இரண்டு தடவையும் பார்சலைப் படலையடியில் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டாராம். கூச்ச சுபாவம் என்று இவள் நினைத்திருந்தாள்.

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பழைய காலத்துக் கப்பல். அடுத்ததிலும் கப்பல். இன்னொன்றில் காட்டுச் செம்மறியாடு. ஒரு யூரோவில் கையை விரித்து நிற்கிற கல்பொம்மை. எல்லாவற்றிலும் சின்னதாக, கிரேக்க எழுத்துக்குப் பக்கத்தில் 'கிப்ரிஸ்' என்று இருந்தது. பதினொன்றும் சைப்ரஸ் காசு. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நாடு என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்குத் தெரியவில்லை, சொன்னேன். சொன்ன கையோடு, காசு கை மாறி மாறி ஊர் சுற்றும், ஒரே காசு வைத்திருப்பதே அதற்குத்தானே என்று சமாளித்தேன்.

"உங்கட டின்னில நாப்பத்திமூண்டு கிடந்திச்சி, டீச்சர். இருபத்தெட்டு ஜேர்மன். மிச்சப் பதினஞ்சும் எட்டு நாட்டுட. ஒரு கப்பல் கூட இல்ல" என்றாள். "என்னட்ட இருக்கிற பதினொண்டும் கப்பல்காரன்டதான். எந்தக் கடல்ல வல போட்டானோ, அந்த மீன்தானே வாடிக்கு வரும்."

கணக்கில் அவளை மடக்க முடியாது. ஃபோனை எடுத்து அன்ஸாருக்கு வட்ஸ்அப் கோல் எடுத்தாள். அவர் இன்னும் இலங்கை நம்பரில்தான் இருந்தார். பணமும் வங்கியில் வராமல் உண்டியல்காரர் மூலம் வரும், புத்தளத்தில் ஒரு ஆள் கையில் கொடுப்பார், எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அதில் எழுதியா இருக்கும்? ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தாள். சலாம் சொன்னார். பதில் சலாம் சொல்லிவிட்டு, "வோ வோன்ஸ்ட் டூ?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். என்ன புள்ள, படிப்பெல்லாம் பலமோ என்றார். அவள் இன்னொரு தடவை, சொல் சொல்லாக நிறுத்திக் கேட்டாள். "யா, யா" என்றார்.

அந்த நேரம் எனக்கு ஜன்னல் பக்கம் திரும்பத்தான் முடிந்தது. மூன்று வருடம் அந்த நாட்டில் குப்பை பொறுக்கியிருந்தால்கூட அந்த மூன்று சொல் காதில் விழுந்திருக்கும்.

"நீங்க எங்க இருக்கிறீங்க எண்டு கேட்டன். ஜேர்மன் படிக்க வாறவளுக்கு முதல் நாளே சொல்லிக் குடுக்கிற கேள்வி" என்றாள்.

அந்தப் பக்கம் பீங்கான் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. அன்ஸார் அழுதுகொண்டே சொன்னார். ஏஜென்ட் சைப்ரஸில் இறக்கிவிட்டு, இரண்டு மாதத்தில் ஜேர்மனிக்கு ஏற்றுவேன் என்றானாம். பிறகு அவன் நம்பரே வேலை செய்யவில்லை. அடைக்கலம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவுகிறார். கேஸ் முடியும்வரை அந்தத் தீவைவிட்டு எங்கேயும் அசைய முடியாது. பெண்சாதி பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளவும் வழியில்லை. வீட்டை விற்றுக் கொடுத்தவளிடம் இதை எந்த வாயால் சொல்வது என்றுதான் சொல்லவில்லையாம். சில்லறை அனுப்பினது பற்றிக் கேட்டபோது, யூரோ எங்கேயும் ஒன்றுதானே என்று நினைத்தேன் என்றார். அவர் ஒரு நாளும் காசைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அப்படியென்றால் என்னை ஏன் படிக்க வைத்தீர்கள் என்று கேட்டாள். அதுதான் எனக்கும் கேட்க வேண்டியிருந்தது. அந்த ஆளின் தலையைப் பிடித்து அந்தக் கழுவுகிற தொட்டியிலேயே அமுக்கலாம் போல இருந்தது.

"நீ படிச்சிட்டு இருந்தா, நானும் எப்பிடியும் அங்க போய்ச் சேந்திருவன் எண்டு ஒரு நம்பிக்க, புள்ள."

ஊருக்கே வந்துவிடுங்கள் என்றாள், எதுவும் வேண்டாம், வந்தால் போதும் என்றாள்.

"வந்து நாங்க எங்க இருக்கிற?" என்றார் அன்ஸார்.

காக்காவிடம் இப்போதைக்கு ஒன்றும் வாய்விடாதீர்கள் என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தாள். மற்றவர்கள் படியேறி வருகிற சத்தம் கேட்டது. காசுகளைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு தன் இடத்தில் போய் இருந்து புத்தகத்தை விரித்தாள். அன்றைக்கு நான் என்ன படிப்பித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, இனி இந்தப் பரீட்சை எதற்கு, கட்டின ஃபீஸ் போனால் போகட்டும், கொழும்புக்கு அலைய வேண்டாம் என்றேன்.

"போகாட்டி மதினி ஏன் எண்டு கேப்பா, டீச்சர். அண்டைக்கே எல்லாம் தெரிஞ்சிரும்" என்றாள். "படிச்சிட்டிருக்கிற மட்டும்தான் எனக்கு அந்த அறை."

நானும் சும்மா இருக்கவில்லை. ஹோட்டலில் என்னோடு வேலை செய்து, இப்போது வேறு ஹோட்டல்களில் இருக்கிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கேட்டேன். அறை கழுவ ஆள் தேவை, தங்க இடமும் தருவோம், ஆனால் பிள்ளையோடு முடியாது என்றார்கள். புத்தளத்தில் வாடகை அறைகள் பார்த்தோம். வாடியில் கிடைக்கிற கூலிக்கு ஒன்றும் படியவில்லை. பொம்பிளை தனியாகவா என்று ஒரு வீட்டுக்காரர் என்னையே மேலும் கீழும் பார்த்தார். காக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை சொன்னேன். சொன்னால் அவர் மகளின் கலியாணத்தையே தள்ளிப்போடுவார், அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் மண் போட நான் யார் என்று கேட்டாள். ஆனால் ஒரு வகுப்பையும் அவள் தவறவிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வழி கேட்பது, ரயிலுக்கு டிக்கெட் எடுப்பது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வாழ்த்து அட்டை எழுதுவது, எல்லாவற்றையும் பாடமாக்கினாள்.

பரீட்சை முடிவு வந்தபோது நோன்பு தொடங்கி நான்கு நாள். டீச்சரும் கட்டாயம் வரவேண்டும் என்று காக்கா வீட்டில் நோன்பு திறக்கக் கூப்பிட்டார்கள். மதினி எனக்கென்று தனிக் கோப்பையில் கஞ்சியும், பக்கத்தில் சமோசாவும் வைத்தா. தொண்ணூற்றொரு புள்ளிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரிக் கண்ணாடியில் செருகியிருந்தார்கள். குளிர் நாட்டுக்குப் போகிற பிள்ளை என்று ஆதிலாவுக்கு மதினி சந்தையில் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி வாங்கியிருந்தா. அந்தப் புழுக்கத்தில் பிள்ளை அதைக் கழற்றமாட்டேன் என்று நின்றது. வாப்பாவின் வீட்டில் பனி எவ்வளவு உயரத்துக்கு விழும் என்று என்னிடம் கேட்டது.

பதியுதீன் காக்கா பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"டீச்சர், பாஸ் பண்ணிட்டா. இனி எத்தின நாளையில விசா வரும்? கலியாணத்துக்கு முந்திப் போய்ச் சேந்திருவாவா?"

ஃபர்ஸானா கஞ்சிக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை.

"ஹஜ்ஜுக்கு முந்திக் கிடைச்சிரும்" என்றேன்.

அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு ஃபோனை எடுத்து, அந்த அறைக்கு வெள்ளையடிக்கிறவரோடு நாள் பேசத் தொடங்கினார்.