ஒப்புக்கொடுத்த காய்ச்சல்

கடலில் இவருக்குக் கையில் திருக்கை மீனின் முள் ஏறினாலும் வீட்டுக்கு வந்து சொல்லமாட்டார். வீங்கிய கையைப் பார்த்து நான்தான் கண்டுபிடிக்கவேண்டும். இப்படி ஒரு மனுசனோடுதான் முப்பது வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

இரத்தப் பரிசோதனையில் ஏதோ கூடியிருந்ததால் யாழ்ப்பாணம் போய் ஸ்கான் எடுத்தோம். டொக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். புரோஸ்டேட் சுரப்பியின் ஓரத்தில், வெள்ளையாகத் தெரியவேண்டிய இடத்தில், ஒரு கறுப்பு.

"இது புற்றுநோயாயும் இருக்கலாம், கிருமித் தொற்றாயும் இருக்கலாம் ஐயா. சிலவேளை படத்தில ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். கிட்டடியில காய்ச்சல், சலம் போகேக்க எரிவு, ஏதும் வந்ததோ?"

"இல்லை" என்றார் இவர்.

"அப்ப சதைத்துண்டு எடுத்துத்தான் பாக்கவேணும்."

ஊருக்குத் திரும்ப மன்னார் பஸ்ஸில் ஏறினோம். செபமாலையை எடுத்தேன். "மாதாவுக்கு எல்லாத்தையும் ஒப்புக்கொடுங்கோ" என்றேன்.

"அதெல்லாம் மடுவிலயே குடுத்திட்டன்."

"என்னத்தை?"

மெல்ல மெல்ல வந்தது கதை. மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்க் கூடாரத்தில் இருந்தபோது மூன்று நாள் காய்ச்சல், சிறுநீர் போனால் நெருப்பாக எரிவு. மடுவில் படும் கஷ்டத்தை எங்கள் ஆட்கள் முறையிடுவதில்லை, மனதுக்குள் மாதாவுக்குக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்துவிடுவார்கள்.

"ஒப்புக்கொடுத்ததை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியிறதே?"

"டொக்டர் ஊரோ?" என்று நான் சீறியதில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி இறங்கி, திரும்பி யாழ்ப்பாணம் போனோம். டொக்டரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். சலத்தைச் சோதித்ததில் கிருமி இருந்தது. சில கிழமை மருந்து, பிறகு திரும்பவும் இரத்தமும் ஸ்கானும், அப்போதும் கறுப்பு இருந்தால் துண்டு எடுப்பதுதான் என்றார் டொக்டர்.

அந்தக் கிழமைகளில் குளிசையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுவேன். இவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது படத்தில் கறுப்பு அநேகமாக மறைந்திருந்தது. இரத்தத்தில் கூடியிருந்ததும் இறங்கியிருந்தது. தொற்றுத்தான் என்றார் டொக்டர்.

இந்த முறை மடுவில், மத்தியான வெயிலில், இவர் கூடாரத்துக்குள் வந்து என் பக்கத்தில் இருந்தார். காலை நீட்டிக்கொண்டார்.

"இஞ்சரும், எனக்குக் கால் நோகுது."

முப்பது வருடத்தில் முதல் தடவை. எண்ணெய்ப் போத்தலைத் தேடுவதுபோல் பையைக் கிளறிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.