மடிப்புக்குள் வைத்த கடிதம்

அருப்புக்கோட்டையில் பன்னிரண்டு தறிகளுக்கு நூல் கொடுத்து, நெய்த சேலைகளை மலேசியாவுக்கு அனுப்பிவந்த எலிசபெத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உடுத்தியவள் வாயால் கேளாமல், சேலை நன்று என்று நம்ப மாட்டார். ஆகவே, ஒவ்வொரு சேலையின் மடிப்புக்குள்ளும் தம் முகவரி எழுதிய, தபால்தலை அச்சிட்ட நீல இன்லண்ட் கடிதம் ஒன்றை வைத்தார். இரண்டாண்டுகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"அங்க ஒங்க சேலையச் சீண்ட ஆள் இல்ல, எலிசபெத்தம்மா. ஏதோ நான் தள்ளி விடுறேன்" என்பார் மதுரை ஏஜெண்டு ராஜகுரு. கடிதம் வராததால் எலிசபெத்தும் அதை நம்பினார். ராஜகுரு சொன்ன விலைக்கெல்லாம் இசைந்தார்.

1988 ஆடியில் ராஜகுரு ஓர் ஒப்பந்தத்தோடு வந்தார். ஐந்தாண்டுகளுக்கு மலேசியாவில் அவரைத் தவிர வேறெவருக்கும் சேலை விற்கக் கூடாது என்பது அதன் சாரம்.

"கையெழுத்தப் போட்ருங்க. இல்லன்னா அடுத்த லோடு ஏறாது."

கணவர் அமிர்தராஜ் பேனாவைத் திறந்து நீட்டினார். எலிசபெத் அதை வாங்கவில்லை. முந்தைய நாள் வந்த உறையொன்றை மேசைமேல் வைத்தார். உறைமேல் மலேசியத் தபால்தலை. உள்ளே அவருடைய நீலக் கடிதம். கூடவே, ஈப்போவில் ஜவுளிக்கடை நடத்தும் பால்ச்சாமியின் குறிப்பு:

"அம்மா, உங்கள் நாட்டுத் தபால்தலை இங்கே செல்லாது. பெண்கள் கடிதத்தை எழுதி என் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவற்றுள் ஒன்று இது. உங்கள் சேலை கேட்டு அலைகிறார்கள். வேறு கம்பெனிச் சேலை ஐம்பது எடுத்தால்தான் உங்களுடையது பத்து தருவேன் என்கிறார் ஏஜெண்டு."

"என் சேலையத் தூண்டில்ல மாட்டி, ஊரான் சேலையத்தான வித்திருக்கீக அண்ணாச்சி!"

ராஜகுருவின் முகம் கறுத்தது. "நான் இல்லாம ஒங்க சரக்கு தூத்துக்குடியத் தாண்டாது, பாத்துக்கிருங்க."

"அத நாங்க பாத்துக்கிடுறோம். மதுர பஸ்ஸு அஞ்சு மணிக்கு. கெளம்புங்க."

அவர் போனதும் அமிர்தராஜ் பதறினார். "அவுகள வெரட்டிட்டு யாரு மூலமா விக்கப் போற?"

"ஈப்போ கடைக்காரரு மூலமா. தபால்தலை செல்லாதுங்கிறது தெரியாமத்தான ரெண்டு வருசம் தலையாட்டுனேன்? இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல."

அவ்வாரமே நாற்பது சேலைகள் பார்சலில் நேரே ஈப்போவுக்குச் சென்றன. பின்னர்க் கிள்ளானிலும் தைப்பிங்கிலுமாக மேலும் மூன்று கடைகள் சேர்ந்தன. எவருக்கும் எலிசபெத் தனியுரிமை எழுதித் தரவில்லை. மடிப்புக்குள் கடிதத்திற்குப் பதிலாக அட்டை வைத்தார்: 'எழுதிக் கடையில் கொடுக்கவும்.'

1995இல் ராஜகுரு மறுபடியும் வந்து, சேலை கேட்டார்.

"தாரேன் அண்ணாச்சி" என்றார் எலிசபெத். "ஆனா ஏஜெண்டாக் கெடையாது. முன்னால நாலு கடைக்காரவுக நிக்கிறாக; அவுகளுக்குப் பின்னால அஞ்சாவதா நில்லுங்க."