ஒன்பதரையில் நின்ற முள்

1957-இல் ஊரெல்லாம் ஒரே பேச்சு: பக்கீர் முகம்மது கம்பி சுற்றிக் கொடுத்தால் மோட்டார் எரிந்துவிடும். அந்தப் பக்கீர் முகம்மது நான்தான். ராசிங்காபுரத்து ஜக்கையனின் கிணற்று மோட்டார் இரண்டு மாதத்தில் இரண்டு முறை புகைந்துவிட்டது. மூன்றாவது முறையும் எரிந்தால், போடியில் என் கடைப்படி ஏற ஆள் இருக்காது. என் வேலையில் குறை இல்லையென்று எனக்குத் தெரியும். ஊர் நம்ப வேண்டுமே.

"எம்புட்டுக் கரண்டு இழுக்குதுன்னு அளந்து பாப்போங்க" என்றாள் என் மனைவி நபீசா. கம்பத்தில் எட்டாவது வரை படித்தவள். மோட்டார் தகட்டில் இருக்கும் இங்கிலீஷை எனக்கு வாசித்துச் சொல்வது அவள்தான். கடையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆம்பியர் மீட்டர். இன்னொன்றை அவசரப்பட்டு எரித்த மகான் நான்.

மறுநாள் இருவரும் கிணற்றுக்குப் போனோம். மீட்டரில் ஐந்து, பத்து, ஐம்பது என்று மூன்று அளவு உண்டு. நான் வயரை ஐந்துக்குக் கொண்டுபோனேன்.

"தகட்டுல ஏழுன்னு போட்டுருக்கு. கெளம்பும்போது அதப்போல ஆறு மடங்கு இழுக்கும். இதையும் எரிக்கணுமா?" என்று முறைத்துவிட்டு ஐம்பதில் மாட்டினாள்.

மோட்டார் ஓடியது. முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டு, ஆரம்பத்திலேயே ஒட்டிக்கொண்டது.

"ஏழுதான் பாய். மோட்டாரு அளவாத்தான் இழுக்குது. அப்ப உங்க சுத்துலதான் கோளாறு" என்றார் ஜக்கையன்.

"இத்துனூண்டு அசைவுல ஏழா, ஒம்பதான்னு தெரியாதுண்ணே" என்றாள் நபீசா.

மோட்டாரை நிறுத்தி, வயரைப் பத்துக்கு மாற்றினாள். கிளம்பும்போது கரண்டு மீட்டருக்குள் போகாமல் பக்கத்து வழியாகப் போக ஒரு ஸ்விட்சும் வைத்தாள். மோட்டார் வேகம் பிடித்து நிதானமானதும் அந்த வழியை அடைத்தாள். முள் ஒன்பதரையில் தெளிவாக நின்றது.

ஏதோ ஒன்று மோட்டாரைப் பிடித்து இழுக்கிறது. நபீசா பம்பைச் சுற்றிவந்து, தண்டு உள்ளே நுழையும் இடத்தில் குனிந்தாள்.

"இந்த எடத்துல தண்ணி சொட்டணுமேண்ணே?"

"சொட்டுனா வீண்தான தங்கச்சி? நாந்தான் கயித்தத் திணிச்சு, ஒரு சொட்டு வராம முறுக்கி வச்சேன்" என்றார் ஜக்கையன் பெருமையாக.

அந்த வறண்ட பூமியில் எந்த வெள்ளாமைச் சம்சாரியும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் தண்டு சூடாகாமல் சுழல அந்தச் சொட்டு வேண்டும்; அதுகூட வராதபடி முறுக்கியதில் கயிறு தண்டை நெரித்திருக்கிறது. நபீசா மரையைத் தளர்த்தினாள். தண்ணீர் சொட்டத் தொடங்கியது. முள் இறங்கி ஏழுக்கு வந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அந்த மோட்டார் பிறகு எரியவே இல்லை. ஜக்கையன் நடந்ததை டீக்கடை டீக்கடையாகச் சொன்னார். தேவாரத்திலிருந்து வருகிறவர்களும் இப்போது என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "தங்கச்சி இருக்காகளா பாய்?" என்கிறார்கள்.

போன வாரம் ஒரு தபால் வந்தது. மேலே 'நபீசா மோட்டார் கடை, போடி' என்று எழுதியிருந்தது. தபால்காரர் யாரிடமும் விசாரிக்காமல் நேரே எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். அந்த உறைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, என் பெயர்ப்பலகைக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.