கார்க்காரரும் நாற்பத்திரண்டு குழாய்த் துண்டுகளும்

பல் துலக்குவதற்கு முன்பே கார்க்காரர் கொட்டகைக்குப் போய் ஒரு வெள்ளைத் துணியால் இரும்பைத் துடைக்கிறார். முன்பக்கக் குறுக்குக் குழாயில் தொடங்கி, இடது பக்கமாகவே பின்னால் போய், வலது பக்கமாகத் திரும்பி வருவார். பிறகு துணியைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். துணி வெள்ளையாகவே இருந்தால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் நல்ல நாள். பழுப்பேறியிருந்தால் காப்பி ஆறிப்போயிருக்கும், செய்தித்தாள் கசங்கியிருக்கும், சட்டையில் பொத்தான் இருக்காது. அதன் பிறகு எண்ணெய்த் துணியை எடுத்து, குளிக்கவைத்த குழந்தைக்குத் தடவுவதுபோல் மூலை முடுக்கெல்லாம் தடவுவார். நாற்பது நிமிடம். கல்யாணமான புதிதில்கூடத் தன்னை இத்தனை நேரம் அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை என்பது மனைவியின் வாக்குமூலம்.

அந்தத் தெருவில் பதினேழு பேரிடம் கார் இருக்கிறது. ஒருவருக்கும் அந்தப் பெயர் வாய்க்கவில்லை. தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் இவர்தான் கார்க்காரர். காரணம், கொட்டகையில் இருக்கும் சேசிஸ். அவரே அளந்து, அவரே அறுத்து, அவரே பற்றவைத்த சதுரக் குழாய்களால் ஆன எலும்புக்கூடு. இரண்டு பேர் உட்காரக்கூடிய சிறிய கார் என்று சொல்கிறார். இப்போதைக்கு ஒருவரும் உட்கார முடியாது. எஞ்சின் கட்டிலுக்கடியில் இருக்கிறது. சக்கரங்கள் அலமாரிக்கு மேலே. இருக்கைகள் இரண்டும் கூடத்தில், விருந்தாளிகளுக்காக. இவற்றையெல்லாம் மாட்ட வேண்டுமானால் முதலில் சேசிஸுக்குத் துருப்பிடிக்காத பூச்சு ஒன்று பூச வேண்டும். சேசிஸ் செய்யப் பதினான்கு மாதம் ஆனது. என்ன பூசுவது என்ற யோசனைக்கு இது மூன்றாவது வருடம்.

சும்மா யோசிக்கிறார் என்று சொன்னால் பாவம் வரும். மொட்டைமாடித் துணிக்கொடியில் விரல் நீளக் குழாய்த் துண்டுகள் நாற்பத்திரண்டு தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பூச்சு. ஒவ்வொன்றின் காதிலும் ஒரு எண். தினம் சாயங்காலம் உப்புத் தண்ணீரைத் தெளிப்பானில் நிரப்பிக்கொண்டு போய் எல்லாவற்றின் மேலும் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடியால் பார்த்து நோட்டில் எழுதுவார். "பதினொண்ணு கொஞ்சம் கொப்புளிச்சிருக்கு. இருபத்தாறு நல்லாத் தாங்குது, ஆனா பளபளப்பு போயிடுச்சு." வீட்டில் காய்ச்சல் கண்டவர்களைப் பற்றிக்கூட அவர் இத்தனை துல்லியமாக விசாரித்ததாகத் தெரியவில்லை. கொடியின் மறுபாதியில் மனைவியின் நர்ஸ் உடைகள் காய்கின்றன. அவர் தோள்பட்டையில் துருக் கறையோடு வார்டுக்குப் போனபோது ஒரு நோயாளி, "ரத்தமா சிஸ்டர்?" என்று கேட்டாராம். "இல்லைங்க, வீட்டுக்காரர்" என்று பதில் சொல்லிவிட்டு ஊசியை எடுத்திருக்கிறார்.

பரிசோதனைக்குப் பக்கபலமாக வெளியுலக ஆலோசனையும் உண்டு. வீட்டிலேயே கார் கட்டுபவர்கள் கூடும் இணைய அரட்டை ஒன்றில் நான்கு பேர் இவருக்கு நெருக்கம். ஒருவர் தூரிகைப் பெயின்ட் கட்சி, ஒருவர் பொடி தூவி அடுப்பில் சுடும் பவுடர் கோட்டிங், ஒருவர் துத்தநாகம். நான்காமவர் பதினோரு வருடமாக எந்தக் கட்சியிலும் சேராமல் மூவரையும் மறுத்துக்கொண்டிருக்கிறார். அவரிடமும் கார் கிடையாது. கார்க்காரருக்கு அவர்மேல்தான் மரியாதை அதிகம்.

இவருக்குச் சோறு போடுவது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. பின்னறையில் கண் பரிசோதிக்கிறார். எதிரே இருப்பவரின் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை டக்டக்கென்று மாற்றி, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று கேட்பார். யாராவது, "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே" என்று இழுத்தால் பொறுக்காது. "யோசிக்காதீங்க! சட்டுனு சொல்லுங்க! இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்பார். ஒரு நாளைக்கு முப்பது பேரை இப்படி அரை நிமிடத்தில் முடிவெடுக்க வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பன்னிரண்டாம் எண்ணுக்கும் பதினான்காம் எண்ணுக்கும் நடுவே உட்கார்ந்துவிடுவார்.

ஒருமுறை கப்பல்களுக்கு வர்ணம் பூசுகிறவர் கண்ணாடி போட வந்தார். கார்க்காரர் எழுத்துப் பலகையை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கப்பலுக்கு அடியில, எப்பவும் தண்ணியிலயே கிடக்கிற இடத்துல, என்ன அடிப்பீங்க?"

"முதலாளி என்ன டப்பா குடுக்கிறாரோ அதை அடிப்பேன்."

"அப்படியில்லைங்க, எது நல்லதுன்னு ஒரு அபிப்பிராயம் இருக்குமில்ல?"

"அடிச்சது நல்லது சார். அடிக்காம டப்பாவுல இருக்கிறதுதான் கெட்டது. அந்த எழுத்தைக் கொஞ்சம் போடுறீங்களா, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது."

இந்த அபிப்பிராயம் நோட்டில் ஏறவில்லை. அறிவியல் ஆதாரம் போதாது.

போன வாரம்தான் விஷயம் முற்றியது. வீட்டுச் சொந்தக்காரர் வந்து, திங்கட்கிழமை கொட்டகைக் கூரையைப் பிரிக்கப்போவதாகவும், புதுத் தகடு போட மூன்று வாரமாகும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலம் தொடங்கியிருந்தது. சேசிஸை வைக்க வீட்டில் வேறு இடம் கிடையாது. கூடத்தில் ஏற்கெனவே காரின் இருக்கைகள் வீற்றிருக்கின்றன. அன்று மனைவி குரலை உயர்த்தவில்லை. அதுதான் கார்க்காரருக்குக் கிலியாக இருந்தது.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் உங்களுக்கு நேரம். அதுக்குள்ள எதையாவது பூசியிருந்தீங்கன்னா, மழையில நனைஞ்சாலும் இருந்துட்டுப் போகட்டும். இல்லைன்னா தம்பி லாரியோட வருவான். பழைய இரும்புக் கடைக்குப் போயிடும்."

"ஒரு ரெண்டு மாசம் குடு. முப்பத்தெட்டு நல்லா வருது."

"முப்பத்தெட்டு எனக்கும்தான் வந்துச்சு. இப்ப வயசு நாப்பத்தொண்ணு."

ஆக, மூன்று வருடத்தில் முடியாததை மூன்று நாளில் முடித்தார். துத்தநாகம். உருகிய துத்தநாகத் தொட்டியில் சேசிஸை அப்படியே முக்கி எடுத்தால் ஆயுசுக்கும் கவலையில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு கொண்டு வரக் கூடாது என்று தொழிற்சாலையில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து, தின்னர் ஊற்றி, மூன்று வருட எண்ணெயை ஒரு பொட்டு விடாமல் கழுவினார். பிறந்தமேனியாக நின்ற சேசிஸைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சனிக்கிழமை காலை மைத்துனன் லாரியோடு வந்தான். சரக்கு லாரி ஓட்டுகிறவன். எதையும் ஏற்று, கட்டு, போ என்பதற்கு மேல் யோசிக்காதவன்.

"மாமா, நாளைக்கு வர்றதுக்கு இன்னிக்கே வந்த மாதிரி ஆயிடுச்சு. போற வழியிலதான் இரும்புக் கடை. ஒரு ரூட்ல முடிச்சிடலாம், டீசல் மிச்சம்."

"ஒழுங்கா கயித்தைக் கட்டு மச்சான். நாலு வருஷ உழைப்பு."

"நாலு வருஷமா அது உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்கு. உழைச்சது யாரு?"

தொழிற்சாலையில் மேஸ்திரி, சேசிஸைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சுத்தியலால் இங்கும் அங்கும் தட்டிக் காது கொடுத்தார். பிறகு ஒரு குழாயின் முனையைத் தடவிப் பார்த்து, "எல்லா முனையும் அடைச்சிருக்கே?" என்றார்.

கார்க்காரருக்குப் பூரிப்பு. மூன்று வருடத்தில் சரியான கேள்வி கேட்ட முதல் மனிதர். உள்ளே ஈரம் போனால் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும் என்பதால் ஐம்பத்தெட்டு முனைகளையும் தகடு வைத்து அடைத்ததை, ஒவ்வொரு குழாயிலும் சைக்கிள் பம்பால் காற்றடித்துச் சோப்பு நீர் தடவிப் பார்த்ததை, குமிழி ஒன்றுகூட வராததை, கடைசியில் காற்றடித்த துளையையும் பற்றவைத்து மூடியதை, கையால் வரைந்து காட்டிச் சொன்னார். "ஒரு இம்மிக் காத்து போகாது. சவால் விடுறேன்."

"சரி சார்" என்றார் மேஸ்திரி. "எங்க தொட்டி நானூத்தம்பது டிகிரி. இதை உள்ளே இறக்கினா அடைபட்ட காத்து எங்க போகும்? குண்டு மாதிரி வெடிக்கும். நானும் என் ஆளுங்க நாலு பேரும் சுவத்துல ஒட்டிக்கிட்டிருப்போம். எல்லாக் குழாயிலயும் ரெண்டு ஓட்டை போட்டுட்டு வாங்க."

துத்தநாகத்தைப் பற்றி அச்சேறியதில் கார்க்காரர் படிக்காமல் விட்டது அந்த ஒரு பக்கத்தைத்தான். பூச்சின் கனத்தை மைக்ரான் கணக்கில் மனப்பாடம் செய்திருந்தவர், எப்படி முக்குகிறார்கள் என்பதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட்டார். மைத்துனன் வாயைப் பொத்திக்கொண்டு லாரியின் மறுபக்கம் போனான். லாரி லேசாகக் குலுங்கியது.

அவ்வளவு அழகாக அடைத்ததில் தானே ஓட்டை போடுவதா? மாட்டார். அடுத்த தெருவில் பவுடர் கோட்டிங் பட்டறை. அதை நடத்தும் அம்மா கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார்.

"இதுல எல்லா வேலையும் முடிஞ்சுதா? கோட்டிங் போட்டப்புறம் வெல்டிங் வெச்சீங்கன்னா அந்த இடம் கருகிப்போயிடும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"முடிஞ்சது மாதிரிதான். பெடல் மாட்டுற பிராக்கெட்டை மட்டும் அரை அங்குலம் முன்னாடி நகர்த்தலாமான்னு..."

"சரி. வேற?"

"ஸ்டீயரிங் உயரம், உக்காந்து பாத்தாத்தான் தெரியும். அப்புறம் பின்னாடி ஒரு குறுக்குக் குழாய் போட்டா இன்னும் உறுதியா..."

"அப்போ இது முடியலைங்க. முடிஞ்சதைத்தான் நான் அடுப்புல வைப்பேன்." கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

திரும்பும் வழியில் இரும்புக் கடை வந்தபோது மைத்துனன் வண்டியை மெதுவாக்கிக் கார்க்காரர் முகத்தைப் பார்த்தான். என்ன தெரிந்ததோ, வேகத்தைக் கூட்டினான். தெரு முனையில், "மாமா, ரெண்டு கோட்டு ப்ரைமர், ரெண்டு கோட்டு கறுப்புப் பெயின்ட். கீறல் விழுந்தா தொட்டுக்கலாம், வெல்டிங் வெச்சா மறுபடி அடிச்சுக்கலாம். என் லாரிக்கு அதுதான். பதினாலு வருஷமாச்சு" என்றான்.

"அது லாரி" என்றார் கார்க்காரர்.

ஆனாலும் பெயின்ட் கடையில் இறங்கினார். சாம்பல் நிற ப்ரைமரா, செம்பழுப்பா என்று முக்கால் மணி நேரம் விவாதித்து, இரண்டிலும் ஒவ்வொரு டப்பா வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு மனைவி இரவு வேலை முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றாமல் நேராகக் கொட்டகைக்குப் போனார். எண்ணெய் இல்லாத சேசிஸில் இரண்டே நாளில் வெளிறிய பழுப்பு படர்ந்து, அதைக் கார்க்காரர் விடியற்காலையிலிருந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி துடைத்து, கண்ணாடிபோல் வைத்திருந்தார். அவர் மட்டும் ஓரமாக முக்காலியில் உட்கார்ந்து, விரல் நீளக் குழாய்த் துண்டு ஒன்றுக்குச் செம்பழுப்பு பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாம்பல் பூசிய இன்னொன்று காய்ந்துகொண்டிருந்தது.

"நாப்பத்திமூணா?" என்றார் மனைவி.

"நாப்பத்திநாலு. ரெண்டையும் ஒரு வாரம் வெளியில வெச்சுப் பாத்துட்டா..."

"மணி எட்டரை."

"தெரியும். ஒரு தடவை அடிச்சுட்டா அடிச்சதுதான். அப்புறம் அது அப்படித்தான். அதான் பயமா இருக்கு." பார்வை தூரிகையிலேயே இருந்தது. மூன்று வருடத்தில் நோட்டில் ஏறாத ஒரே பரிசோதனை முடிவு அது.

மனைவி கைப்பையைக் காரின் குறுக்குக் குழாயில் மாட்டினார். கார்க்காரர் கையிலிருந்த தூரிகையை வாங்கினார். எந்த டப்பா பக்கத்தில் இருந்ததோ அதில் முக்கினார். முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே இழுப்பு. நேராகக்கூட இல்லை.

"ஐயோ! மூலையிலேருந்து ஆரம்பிக்கணும். அப்புறம் நீளவாக்குல..."

"வார்டுல கட்டுப் போடுறப்போ மூலையைத் தேடிக்கிட்டிருந்தா ஆளு போயிடுவாரு. இன்னொரு தூரிகை எங்க?"

ஒன்பதே முக்காலுக்குத் தெருவில் லாரி நின்றது. மைத்துனன் தோளில் கயிற்றுச் சுருளோடு உள்ளே வந்தான். இடது பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம். மடித்துக்கட்டிய உடையும் மூக்கில் பெயின்ட்டுமாக அக்கா குனிந்திருந்தார். மாமா சேசிஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கால்கள் மட்டும் வெளியே.

"அக்கா, தூக்கிடலாமா?"

"கண்ணு தெரியலையா உனக்கு? ஈரம். எங்க கை வெச்சுத் தூக்குவே?"

"எப்பக் காயும்?"

"டப்பாவுல ஆறு மணி நேரம்னு போட்டிருக்கு. அதுக்கப்புறம் ரெண்டாவது கோட்டு. அப்புறம் கறுப்பு. நீ போயிட்டு அடுத்த மழைக்காலத்துக்கு வா."

மைத்துனன் கயிற்றைத் தரையில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். "மூணு வருஷம் யோசிச்சு, கடைசியில என் லாரிக்கு அடிச்ச பெயின்ட்டேதானே மாமா?" என்று சேசிஸுக்கடியில் பார்த்துக் கேட்டான். அடியிலிருந்து, "ரெண்டும் வேற கம்பெனி" என்று பதில் வந்தது.

பிறகு கார்க்காரர் வெளியே வந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, மனைவி பூசிய முதல் இழுப்பைக் குனிந்து பார்த்தார். ஈரப் பூச்சின் நடுவே தூரிகையின் மயிர் ஒன்று, கண்ணிமைபோல் வளைந்து ஒட்டியிருந்தது. அவர் கை தானாகப் போனது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இடுக்கிபோல் குவிந்து, பெயின்ட்டுக்கு ஒரு நூல் மேலே போய் நின்றன. மனைவி மறுபக்கத்தில் டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். கார்க்காரர் கையை மெல்ல இழுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்து இறுக்கிக்கொண்டார்.