எங்கட எம்.பி. சொன்னதும் நான் அழித்ததும்

ஒரு மனிதரின் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டு நான்கு வருடம் தட்டச்சுச் செய்தால், அவர் மனைவிக்குத் தெரியாத இருமல்கூட உங்களுக்குத் தெரிந்துவிடும். இந்த வேலையில் காது வலித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

திருகோணமலையில் துறைமுகத்தைப் பார்த்த ஒரு மாடிக் கந்தோரில், ஆறு பேர் வெளிநாட்டு ஆங்கிலப் பேச்சுகளை எழுத்தாக்குகிறோம். பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தன் தொகுதிக்கு வாராவாரம் அனுப்பும் காணொளிக்கு அடியில் ஓடும் எழுத்து என் பங்கு. மூன்று நேர்முகப் பரீட்சைகளில் குரல் எழும்பாமல் தோற்ற எனக்கு, பேசாமல் சம்பளம் வாங்கக் கிடைத்த ஒரே இடம் இது.

பதினொரு இருமல்

முதல் கிழமை அவர் இருமியதை எல்லாம் எழுதினேன். அடைப்புக்குறிக்குள் ‘இருமல்’ என்று பதினொரு இடம். எங்கள் பொறுப்பாளர் ஜெயசீலன் அண்ணா அதை வாசித்துவிட்டுக் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார். இருமல், இழுவை, பழக்கத்தில் வரும் சொற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், அதுதான் விதி என்றார்.

“அந்தாள் காசு தாறது கெட்டிக்காரன் மாதிரித் தெரியிறதுக்கு, தங்கச்சி. நாங்கள் மருந்து எழுதிக் குடுக்கிறதுக்கில்லை.”

மந்திரியானார்

இரண்டு வருடம் குப்பை அள்ளாத தெருக்களைப் பற்றியே பேசினார். பிறகு மந்திரியானார். ஒலிவாங்கி மாறியது, தேநீர்க் கரண்டி கோப்பையில் படுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. பேச்சில் ‘நாடு’ வந்தது, தெருக்கள் போய்விட்டன. தொகுதிச் சனம் மட்டும் காணொளிக்குக் கீழே குப்பையைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தது. கிண்ணியாவிலிருந்து வரும், பக்கத்து மேசை நிஸ்மியா என் திரையை எட்டிப் பார்த்தாள்.

“பதவி கிடைச்சதும் குப்பையெல்லாம் தானாப் போயிட்டுதாக்கும், புள்ள.”

நான் அழித்தது

அவருடைய அமைச்சு பெரிய வேலையொன்றைக் கொடுத்த கட்டட ஒப்பந்தக்காரரின் கடற்கரை வீட்டில் அவர் விடுமுறைக்குத் தங்கினாராம் என்று கதை வந்தது. அடுத்த காணொளியில் பதில் சொன்னார்: “எனக்கு ஞாபகமுள்ள வரையில், நான் அந்த வீட்டில் தங்கியதில்லை.” அந்த ‘ஞாபகமுள்ள வரையில்’ அவருக்குப் பழக்கம். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதற்கும் அதைச் சொல்வார். விதிப்படி அழித்தேன். ‘நான் அந்த வீட்டில் தங்கியதில்லை’ என்று எழுத்து ஓடியது.

மூன்றாம் நாள் ஒரு படம் வெளிவந்தது. அதே வீட்டு விறாந்தையில், அரைக் காற்சட்டையோடு எங்கட எம்.பி. பத்திரிகைகள் நான் எழுதிய வசனத்தைப் போட்டு அவரைப் பொய்யர் என்றன. அந்தச் சொற்களை அழித்தவர் யார் என்று பெயரை அறிவிக்கச் சொல்லியும், அவரை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லியும் எம்.பி.யின் அலுவலகம் எங்களுக்கு எழுதியது. அண்ணா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“மெஷின் பிழை எண்டு எழுதுவம். மெஷினுக்கு வேலை போகாது.”

திருத்தம்

நேரில் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. எழுத்திலும் கை வரவில்லை. அதோடு, அந்த மனிதர் அந்தச் சொற்களைச் சொன்னார்தானே. அழித்தது நான், விதி இது, முழு ஒலிப்பதிவு இது என்று என் பெயரோடு அவருடைய அலுவலகத்துக்கு அனுப்பினேன். மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவில்லை.

தன்னைக் காப்பாற்ற அவர் அன்றைக்கே திருத்திய காணொளியை வெளியிட்டார். ‘ஞாபகமுள்ள வரையில்’ இப்போது எழுத்திலும் இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் அதன் கீழே அவர் தொகுதிப் பெண்ணொருத்தி எழுதியதை ஊரே பகிர்ந்தது.

“எத்தனை பேர் வீட்டில் தங்கினால் ஒருவருக்கு ஒரு வீடு மறந்துபோகும்?”

பதில் வந்தது

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கணினியில் ‘டிங்’ என்றாலே என் வேலை போய்விட்டது என்று நினைப்பேன். நான்காம் நாள், எங்களுக்கு வேலை பிடித்துத் தரும் லண்டன் நிறுவனம் எழுதியது: வாடிக்கையாளர் மந்திரிப் பதவியையும் எம்.பி. பதவியையும் விட்டு விலகிவிட்டார், அவருடைய அலுவலகமும் மூடப்பட்டது, முறைப்பாட்டைத் தொடர ஆளில்லை. அண்ணா என் மேசைக்கு வந்தார்.

“உங்களை நிப்பாட்டச் சொன்ன ஆக்களையே நிப்பாட்டிப்போட்டினம், தங்கச்சி. போய்ச் சாப்பிடுங்கோ.”

நான்கு வருடம் அவர் பேச்சைத் துப்புரவாக்கிக் கொடுத்த நானும் மற்ற ஐந்து பேரும் வேலையில் இருக்கிறோம், அவர்தான் இல்லை.