கடிகாரத்தைத் தள்ளி வைத்த கோடை

பௌச்சின் அக்காவைப் பற்றி எங்கள் லூகாங் ஊரில் யாரைக் கேட்டாலும் அவளுடைய கெட்டிக்காரத்தனத்தைத்தான் சொல்வார்கள். நான் அவள் தப்புச் செய்த கதையைச் சொல்கிறேன். பதினாறு வருடம் அவள் மேசைக்குப் பக்கத்திலேயே ரொட்டி சுட்டு விற்றவள் நான். எனக்கு அந்த உரிமை உண்டு.

கோயில் சந்தில் ஜாதகம் பார்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மற்றவர்கள் வருகிறவர் முகத்தைப் பார்த்துப் பலன் சொல்வார்கள். அக்கா தாளைத்தான் பார்ப்பாள். பிறந்த வருடம், மாதம், நாள், நேரம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து. அந்த எட்டு எழுத்தையும் நாலு வரிசையாக எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கே எரிச்சல் வரும். பிறகு தலையை நிமிர்த்தி இரண்டே வாக்கியம் சொல்வாள். கல்யாணமாகாது என்றால் ஆகாதுதான், அழுது புரண்டாலும் மாற்றிச் சொல்ல மாட்டாள். "கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லேன் அக்கா, உன் வாய் கோணிடுமா?" என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். கோயில் நாற்காலி செய்கிற லியாவ் வீட்டாரிடமும் அப்படித்தான் சொல்லி அனுப்பினாள்.

அந்த வீட்டுப் பையன் செங்யுவானும், மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் யாஹுய் என்ற பெண்ணும் நான்கு வருடமாகப் பழகினவர்கள். முறைப்படி பெண்ணின் எட்டு எழுத்தைச் சிவப்புத் தாளில் எழுதி வாங்கி, பையன் வீட்டு முன்னோர் மாடத்தில் மூன்று நாள் வைத்தார்கள். அந்த மூன்று நாளில் வீட்டில் ஒரு கிண்ணம்கூட உடையவில்லை, ஒரு சண்டையும் வரவில்லை; அப்படி இருந்தால் பொருத்தம் நல்லது என்று அர்த்தம். ஆனால் முதல் நாளே பையனைப் பெற்ற லியாவ் அம்மா அதன் நகலை அக்காவிடம் கொண்டு வந்திருந்தாள். அக்கா பார்த்தாள். நாளுக்கு உரிய எழுத்தில் கீழே இருப்பது புருஷனுடைய இருக்கை. கீழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகம் உண்டு; இங்கே எலி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில், பிறந்த நேரத்தில், குதிரை. பகல் பதினொன்றேகாலுக்குப் பிறந்த பெண். எலிக்கும் குதிரைக்கும் ஜென்மப் பகை. "நேரம் புருஷனை உதைக்குது. வேண்டாம்" என்றாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்குத் தரகுக்காரி அந்தச் சிவப்புத் தாளைப் பெண் வீட்டில் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. தாள் திரும்பி வந்தால் போச்சு. புருஷனை உதைக்கிறவள் என்று ஊர் முழுக்கப் பேர் வந்துவிடும். அப்புறம் அந்தப் பெண்ணை எந்த வீட்டிலும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். யாஹுய் முந்தின நாள் என் கடைக்கு வந்து ரொட்டி வாங்காமல் நின்றுகொண்டே இருந்தாள். அக்கா பக்கம் திரும்பக்கூட இல்லை.

மூன்றாம் நாள் மதியம், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தன் மகளின் ஜாதகத்தோடு வந்தார். மகள் 1979 ஆகஸ்டில் பிறந்தவள். பிறப்புச் சீட்டில் இருந்த நேரத்தை அக்கா எழுதப் போனபோது அவர் சாவகாசமாகச் சொன்னார்:

"ஒரு மணி நேரம் கழிச்சுக்கோங்க. அந்த வருஷம் கோடையில கடிகாரத்தைத் தள்ளி வெச்சாங்கல்ல. எங்க ஸ்டேஷன் கடிகாரத்தை ஏணி போட்டு நான்தான் திருப்பினேன்."

அக்கா தூரிகையைக் கீழே வைத்தாள். பஞ்சாங்க அட்டையின் உள்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டியிருப்பாள், எந்தெந்த வருடம் அரசாங்கம் கோடையில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தது என்று. அந்த வருடங்களில் பிறந்தவர்களுக்கு ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். தொழிலில் இது அரிச்சுவடி. ஆனால் அவளுடைய பட்டியல் 1975-ஓடு முடிந்திருந்தது. 1977-ல் அச்சான புத்தகத்தைப் பார்த்து எழுதியது அது. பிறகு ஒரே ஒரு கோடையில் மட்டும் மறுபடி தள்ளி வைத்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

பெரியவருக்கு என்ன பலன் சொன்னாளோ தெரியாது. அவர் போன பிறகு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். யாஹுயும் அதே ஆகஸ்டில் பிறந்தவள்தான் என்றாள். பதினொன்றேகால் இல்லை, பத்தேகால். குதிரை இல்லை, பாம்பு. பாம்புக்கும் எலிக்கும் ஒரு வம்புமில்லை. நல்ல ஜாதகம்.

கோயில் மணிக்கூண்டில் மூன்று முப்பத்தைந்து. "அப்புறம் என்ன மண் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கே" என்று கத்தினேன். அவள் எழுந்திருக்கவில்லை. தப்பை ஒத்துக்கொண்டால் நாளையிலிருந்து அந்த மேசைக்கு யார் வருவார்கள் என்ற யோசனை என்றுதான் நினைத்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடுப்பை அணைத்தேன், ஸ்கூட்டரை எடுத்தேன், கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் உட்கார வைத்தேன். சந்தை நெரிசலில் ஒரு காய்கறி வண்டியை இடித்துத் தள்ளியிருப்பேன், தப்பித்தோம்.

லியாவ் வீட்டில் நாங்கள் போய் இறங்கும்போது தரகுக்காரி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். சிவப்புத் தாள் அவள் கைப்பையில். கூடத்தில் லியாவ் அம்மா, பட்டறையில் செங்யுவான். உப்புத்தாளைக் கையில் வைத்தபடி ஒரே நாற்காலிக் காலை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்த நாற்காலிக் கால் பாவம், ஈர்க்குச்சியாகியிருக்கும்.

அக்கா எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். ரயில்வேக்காரர், கடிகாரம், பட்டியல், பாம்பு. முடித்ததும் லியாவ் அம்மா சிரித்தாள். பெண் வீட்டார் வந்து காலில் விழுந்தார்களா, எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டாள். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லாத வாய், நான்கு மணிக்குக் கால் மணி இருக்கும்போது மாற்றிச் சொல்கிறதா என்றாள். நான் வாயைத் திறந்தேன், அக்கா கையமர்த்தினாள்.

அப்போதுதான் லியாவ் அம்மா அதைக் கேட்டாள்.

"உங்க மகன் மிங்தே ஒரு பூக்கடைப் பொண்ணைக் கட்டிக்கறேன்னு நின்னானே. இதே மாதிரி பார்த்துத்தானே வேண்டாம்னீங்க. அவளும் என் பையன் செட்டு. அதே வருஷம், அதே கோடை. அதுவும் தப்புதானா?"

நான்கு வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. அக்கா முடியாது என்று சொன்னதும் பூக்கடைக்காரர் மகளை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார். மிங்தே தாய்சுங் நகரத்தில் ஒரு திருகாணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவன், புது வருஷ விருந்துக்குக்கூட ஊர்ப்பக்கம் வந்ததில்லை. மேசையில் உட்கார்ந்து அக்கா எதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது மரமண்டையான எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆமா" என்றாள் அக்கா. "அதுவும் தப்புதான்."

பட்டறையில் தேய்க்கிற சத்தம் நின்றது.

"காலையில ஏழேகாலுன்னு எழுதினேன். புருஷன் இருக்கையில இருந்த நாயும் நேரத்துல இருந்த டிராகனும் முட்டிக்கும்னு சொன்னேன். அது ஆறேகால். முயல். முயலும் நாயும் சேர்ந்தா அதைவிட நல்ல பொருத்தம் கெடையாது."

லியாவ் அம்மா அவளையே பார்த்தாள். பிறகு தன் கைப்பேசியை எடுத்து மேசையில் வைத்து நகர்த்தினாள்.

"இதையே இப்ப உங்க மகன்கிட்ட சொல்லுங்க. எங்க முன்னால. அப்ப நம்புறேன்."

இதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். வா அக்கா போகலாம் என்று நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். அவள் எண்களை அழுத்தினாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். தெரியாத எண் என்பதால் அவன் எடுத்தான். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"மிங்தே, அம்மா."

அவன் வைத்துவிடவில்லை. அக்கா எங்களிடம் சொன்னதையே, அதே வரிசையில், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவனிடமும் சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள், அழுதால் சொல்லி முடித்திருக்க மாட்டாள். அவன் எங்கேயோ நடந்து போயிருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது.

"போன மாசம் அவளுக்கு ரெண்டாவது குழந்தை பொறந்துச்சும்மா" என்றான்.

"தெரியும்."

"இதை எதுக்கு இப்ப சொல்றீங்க?"

"இன்னொரு பொண்ணுக்கும் இதையே செஞ்சிட்டேன். இன்னும் தாள் திரும்பிப் போகலை. நான் சொன்னா இவங்க நம்ப மாட்டேங்கறாங்க."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அங்க யார் இருக்கீங்க?" என்றான் மிங்தே. "எங்கம்மா சொல்றது நிஜம். எனக்காகக்கூட அவங்க பொய் சொன்னதில்ல."

பிறகு வைத்துவிட்டான்.

லியாவ் அம்மா எழுந்து தரகுக்காரியிடம் கையை நீட்டினாள். தாளை வாங்கினாள், அக்காவிடம் தூரிகையைக் கொடுத்தாள். அக்கா நேரத்துக்கு உரிய இரண்டு எழுத்தையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதினாள். லியாவ் அம்மா அதை மாடத்தில் வைத்து ஊதுபத்தி ஏற்றினாள். செங்யுவான் உப்புத்தாளைப் போட்டுவிட்டு மீன் சந்தைப் பக்கம் ஓடினான்.

அந்த வீட்டில் அக்காவை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதில் உட்கார்ந்த பிறகுதான் அவள் அழுதாள்.