மச்சான் தாண்டிய செங்கல் கோடு

எண்பத்து மூன்றாம் வருஷம், மாசிக் குளிரில், அக்கா வீட்டுக்காரரை டெல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அப்போது எனக்கு ஜனக்புரியில் கொத்து வேலை. நோயாளியோடு போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மச்சானுக்குக் கை நடுங்கும். வாசற்படியைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் ரோஷக்காரர். "நடந்துதான் டாக்டர்கிட்ட போவேன். தூக்குனா அப்படியே திரும்பிடுவேன் மாப்ளே" என்றார்.

காலை ஆறரைக்கு பஸ், ஆளுக்கு ஐம்பது பைசா. மோதி பாக்கில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். மூன்று கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரனோ வழியிலேயே இல்லாத சாணக்யபுரிக்குள் நுழைந்து ஒரே ரவுண்டானாவை மூன்று தரம் சுற்றினான்.

"பையா, இந்த மரத்தை முன்னாடியே பார்த்தாச்சு!" என்று இந்தியில் கத்தினேன்.

"அச்சா, அச்சா" என்று நாலாவது தரமும் சுற்றினான். ஆறு ரூபாய்.

ஆஸ்பத்திரி எதிரே ரோட்டின் வெள்ளைப் பட்டைகளை மச்சான் டக்டக்கென்று தாண்டினார். வாசற்படியில் ஒட்டிக்கொள்ளும் கால் இங்கே எப்படி ஓடுகிறது என்று எனக்குப் புரியவில்லை.

பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் அறை வாசலில் கால் நின்றுவிட்டது. "ஜல்தி, பாபா!" என்று சிப்பந்தி சக்கர நாற்காலியைத் தள்ளிவந்தான். மச்சான் கண் கலங்கிவிட்டது.

"பொண்ணு பார்க்க வந்தப்பவும் இப்படித்தான் வாசல்ல நின்னீங்க" என்றேன்.

"அப்ப உள்ள பலகாரமாவது இருந்துச்சுடா."

ரோட்டுப் பட்டை நினைவுக்கு வந்தது. அளவு குறிக்க என் பையில் எப்போதும் செங்கல் சில்லு இருக்கும். வாசலிலிருந்து மேஜை வரை அடிக்கு ஒரு கோடு கிழித்தேன். "தாண்டுங்க மச்சான்."

தாண்டினார். கடைசிக் கோடு வரை தாண்டினார். நாற்காலி காலியாக நின்றது.

டாக்டர் நம் ஊர்க்காரர். சிரித்துவிட்டு, மூளையின் அடியில் சில உருண்டைகளும் அவற்றுக்கிடையே நரம்பு இழைகளுமாகப் படம் வரைந்தார். ஓர் இழை 'போ' என்று விடுமாம், இன்னொன்று 'நில்' என்று பிடிக்குமாம். ஒரு கறுப்புப் புள்ளியிலிருந்து வரும் இழைகள் நலிந்ததால் 'நில்' ஓங்கிவிட்டதாம். அம்புக்குறியெல்லாம் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"நம்ம ஆட்டோக்காரன் மாதிரியே சுத்துதே சார்?"

"சுத்தி வந்தாத்தான்யா கால் நகரும்."

"அப்ப கோட்டைப் பார்த்து எப்படி நடந்தாரு?"

"கண்ணால பார்த்து நடக்கிறதுக்கு வேற வழி இருக்கு. அது இன்னும் கெடலை" என்று சொல்லிக்கொண்டே மாத்திரை எழுதினார்.

"அப்ப மாத்திரை எதுக்கு?"

"போற இடமெல்லாம் நீ கோடு போடுவியா?"

சீட்டை வாங்கிப் பையில் வைத்தேன். படம் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

போகிறவர்கள் எட்டு மணிக்கு முன்பே வரிசையில் நில்லுங்கள். சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். செங்கல் சில்லு ஒன்று பையில் இருக்கட்டும். என்னுடையதை மச்சான் பிடுங்கிக்கொண்டார். மறுநாள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து நடுங்கும் கையால் அவரே கோடு இழுத்தார்.

"கோணலா இருக்கு மச்சான். கொத்தனார் மானம் போகுது."

"தாண்டப்போறது நான்தானே, நீ தள்ளு" என்றார்.